மாதேஸ்வரி எண்ணச் சொன்ன துடிப்புகள்

மேடையில் அமர்ந்திருக்கும் மருந்தியல் கல்லூரி முதல்வர் அருணா அம்மையார் அவர்களே, எங்கள் மூலிகைச் சாறு தொழிற்சாலையின் உரிமையாளர் திம்மப்பன் அவர்களே, முன்வரிசையில் மகளை இழந்து அமர்ந்திருக்கும் அன்னை நஞ்சம்மா அவர்களே, மனைவியை இழந்து நிற்கும் தினேஷ்குமார் அவர்களே, இந்தக் கேன்டீனில் சாப்பாட்டு மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வேலை உடுப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் இரண்டு ஷிப்ட் தொழிலாளர்களே, உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் தங்கதுரை. இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கே உற்பத்தி மேலாளர். எங்கள் பரிசோதனைக் கூடத்தின் தலைவராக இருந்து, சென்ற வியாழக்கிழமை ஐம்பத்தொன்றாவது வயதில் நம்மை விட்டுப் போன முனைவர் மாதேஸ்வரி அவர்களைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். ஆனாலும் நானே பேசுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் தெரியுமா? இறந்தவரின் பெருமையைப் பேசுவதற்கான கூட்டம் இது. என் தவறைச் சொல்லாமல் அவர் பெருமையைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

முனைவர் மாதேஸ்வரி உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் பிறந்தவர். தந்தை கரியப்பன் ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் பெட்டி தூக்கினார். அன்னை நஞ்சம்மா மற்றவர்கள் தோட்டத்தில் களை எடுத்தார். வீட்டில் தமிழ், தோட்டக்காரரிடம் தெலுங்கு, மண்டியில் கன்னடம் என்று மூன்று மொழியும் கேட்டு வளர்ந்த பெண், நான்காவதாக ஆங்கிலத்தில் மருந்தியல் படித்து முனைவர் ஆனார். அவர் படித்த காலத்தில் விடுதிக்குப் போகாமல் தினமும் எல்லை தாண்டிப் பெங்களூருக்குப் பேருந்தில் போய் வந்தார். நின்றுகொண்டே படித்த பாடங்கள்தான் தனக்கு நன்றாக நினைவிருப்பதாக ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அவர் இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே வாசலில் தகராறு. காலையில் கையில் ஒரு பெரிய ஃபிளாஸ்க்கோடு வந்தார். செக்யூரிட்டி திறந்து பார்த்தால் உள்ளே வெதுவெதுப்பான தண்ணீரில் கோழிக்குடல் மிதக்கிறது. அவர் மூடியை மூடிவிட்டு நேராக என் அறைக்கு ஓடி வந்து, "சார், புதுசா வந்த மேடம் டீ ஃபிளாஸ்க்குல கொடலு எடுத்தாறாங்கொ" என்றார். நான் போய் விசாரித்தேன். ராயக்கோட்டை சாலைக் கோழிக்கடையில் முதல் கோழி அறுக்கும்போது நின்று வாங்கி, உப்பும் சர்க்கரையும் அளந்து கலந்த கரைசலில் போட்டுக் கொண்டுவந்ததாக மாதேஸ்வரி சொன்னார். இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் அந்தக் குடல் இன்னும் வேலை செய்யுமாம். எந்த உயிரையும் இதற்கென்று தனியாகக் கொல்லத் தேவையில்லை, எப்படியும் குப்பைக்குப் போகிற குடல்தானே என்றார்.

அந்தக் குடலைக் கொண்டு அவர் என்ன செய்தார் என்பதை இங்கே இருக்கும் எல்லாருக்கும் விளங்கச் சொல்ல வேண்டும். அதுதான் அவருடைய வாழ்நாள் வேலை.

நம் உடம்பில் நாம் சொல்லி அசைகிற தசை உண்டு, கை, கால். நாம் சொல்லாமலே சுருங்கி விரிகிற தசையும் உண்டு. குடல், கருப்பை, மூச்சுக்குழல், இரத்தக்குழாய் இவற்றில் இருப்பது அதுதான். மென்தசை என்று பாடப்புத்தகம் சொல்லும். வயிறு பிசைகிறது, மாதவிலக்கில் அடிவயிறு இழுக்கிறது என்கிறோமே, அது இந்தத் தசை அளவுக்கு மீறிச் சுருங்குவதால் வருவது. மாதேஸ்வரி இரண்டு அங்குலக் கோழிக்குடலை ஒரு கண்ணாடிக் குழாயில் நூலால் கட்டித் தொங்கவிடுவார். உடம்புச் சூட்டில் கரைசல், அடியிலிருந்து காற்றுக் குமிழி. சுருங்க வைக்கும் மருந்தை ஒரு சொட்டு விட்டால் குடல் நூலை இழுக்கும். அந்த இழுப்பைக் காட்டும் கணினித் திரையில் கோடு மேலே ஏறும். பிறகு நம் சாற்றைச் சொட்டு விட்டால் கோடு மெல்ல இறங்கும். கரைசலை மாற்றிக் கழுவினால் குடல் மறுபடி இழுக்கும். கழுவியும் பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் அது மருந்து இல்லை, சேதம் என்பார்.

எந்தச் சாறு? உங்களுக்குத் தெரியும். நம் மலையடிவாரத்து ஊர்களில் சூலைக்கொடி என்பார்கள். கன்னடக்காரர்கள் ஹொட்டெநோவு பள்ளி, அதாவது வயிற்றுவலிக் கொடி என்பார்கள். அதன் வேரைத் தண்ணீரில் கொதிக்க வைத்து வயிற்றுவலிக்குக் குடிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அந்த வேரின் சாற்றைக் காயவைத்துத் தூளாக்கி மாத்திரை செய்து விற்பதுதான் நம் தொழில்.

ஏழு ஆண்டுகளுக்கு முன்னால் நான் ஒரு யோசனை சொன்னேன். தண்ணீரில் கொதிக்க வைத்தால் சாறு குறைவாகக் கிடைக்கிறது, ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் மூன்று மடங்கு கிடைக்கும் என்றேன். உரிமையாளருக்குப் பிடித்துப் போனது. ஸ்பிரிட் சாற்றை மாதேஸ்வரி குடலில் சோதித்தார். கோடு முன்பைவிட வேகமாக இறங்கியது. பழைய சாற்றைவிட மூன்று மடங்கு வீரியம் என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் எல்லாரும் இனிப்புச் சாப்பிட்டோம். பெங்களூரில் பெரிய நிறுவனம் ஒன்று முதல் லோடு கேட்டது.

அந்த நாட்களில்தான் பேக்கிங் பிரிவில் கெம்பம்மா மயங்கி விழுந்தார்.

கெம்பம்மா இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். உங்களைப் பற்றி மேடையில் சொல்லலாமா என்று நேற்றுக் கேட்டேன். "சொல்லுங்க சார், எனுக்கு இன்னா" என்றார். அதனால் சொல்கிறேன்.

காலை பதினொரு மணி. அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்தோம், எழுந்துவிட்டார். விபத்துப் பதிவேட்டை எடுத்து நான் எழுதினேன்: காலை உணவு உண்ணாததால் மயக்கம். அவரிடம் சாப்பிட்டீர்களா என்று நான் கேட்கவே இல்லை. பெண்கள் விழுந்தால் அப்படித்தான் எழுதுவது எங்கள் வழக்கம்.

மாதேஸ்வரி அங்கே வந்தார். கெம்பம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம். இன்னொரு நிமிடம். நாற்பத்திரண்டு என்றார். முப்பது வயதுப் பெண்ணுக்கு எழுபது, எண்பது இருக்க வேண்டிய துடிப்பு. உடனே வண்டி வரவழைத்து அரசு மருத்துவமனைக்கு அவரே கூட்டிப்போனார். மாலையில் திரும்பி வந்தபோது அவர் கையில் கெம்பம்மாவின் இதயத் துடிப்பை வரைந்த காகிதத்தின் நகல் இருந்தது.

மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து கெம்பம்மா அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தார். மாதவிலக்கு வலி தாங்கவில்லை, மேசையில் சிந்திய தூளில் ஒரு சிட்டிகை எடுத்து வெந்நீரில் போட்டுக் குடித்தேன், வலி நின்றுவிட்டது, ஆனால் "எதெ நின்னு நின்னு அடிக்கிற மாதிரி இருக்குது மேடம்" என்று. எதெ என்றால் கன்னடத்தில் நெஞ்சு. தான் மட்டுமல்ல, தன்னையும் சேர்த்துப் பேக்கிங்கில் முக்கால்வாசிப் பெண்கள், பதினேழு பேர், அந்தத் தூளைக் குடிக்கிறார்கள் என்பதையும் சொல்லியிருந்தார். தண்ணீர்ச் சாறு இருந்த காலத்திலிருந்தே அந்தப் பழக்கம் இருந்திருக்கிறது. அப்போது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதைக் கேட்டதும் நான் என்ன செய்தேன்? நிறுவனப் பொருளை எடுத்துச் சாப்பிட்டதற்குப் பதினேழு பேருக்கும் மெமோ தரப்போகிறேன் என்றேன். வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு முதலில் தோன்றியது அதுதான். மாதேஸ்வரி என்னைப் பார்த்து, "மெமோவ அப்புறம் குடுங்க சார். மொதல்ல பதினேழு பேரு நாடியயும் எண்ணுவோம்" என்றார்.

அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். பலருக்குத் தெரியாது, ஆகவே சொல்கிறேன். குடலை மட்டும் பார்த்துவிட்டு இதயத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது தன் தவறு என்றார். தண்ணீர்ச் சாற்றுக்கு இதயச் சோதனை செய்திருந்தோம், அதே வேர்தானே என்று விட்டுவிட்டேன் என்றார். வேர் ஒன்றுதான். ஆனால் தண்ணீரில் இறங்காத ஏதோ ஒன்று ஸ்பிரிட்டில் இறங்கியிருக்கலாம் அல்லவா? அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை, உரிமையாளர் கேட்கவில்லை. கேட்க வேண்டியவளே நான்தான், நானும் கேட்கவில்லை என்று மாதேஸ்வரி தன்னையும் சேர்த்துச் சொன்னார்.

மறுநாள் அவர் ராமநாயக்கன் ஏரியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் எடுத்துவந்தார். அதில் நீர்த்தெள்ளு என்று ஒரு பூச்சி இருக்கிறது. எள்ளைவிடச் சிறியது. உடம்பு கண்ணாடி மாதிரி. மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் அதன் இதயம் துடிப்பது வெளியிலிருந்தே தெரியும். கைபேசியை மைக்ரோஸ்கோப்பில் பொருத்திப் படம் எடுத்து, மெதுவாக ஓடவிட்டுத் துடிப்பை எண்ணலாம். அப்போது பயிற்சிக்காக வந்திருந்த ஜெயப்ரியாவும் அவரும் சேர்ந்து ஒன்பது நாள் எண்ணினார்கள். தண்ணீர்ச் சாறு, ஸ்பிரிட் சாறு, வெறும் தண்ணீர். எது எதில் இருக்கிறது என்று எண்ணுகிறவருக்குத் தெரியாதபடி குப்பிகளுக்கு எண் போட்டுவைத்து எண்ணினார்கள்.

ஒன்பதாவது நாள் லோடு போக வேண்டிய நாள். லோடோடு போக வேண்டிய புதிய ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது என்று மாதேஸ்வரி சொல்லிவிட்டார். திம்மப்பன் அவர்கள் மேடையில் இருக்கிறார். இதைச் சொல்ல அவரிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன். அன்று அவர் என்னிடம், எப்படியாவது அனுப்பு தங்கதுரை என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. எப்படி என்பதைக் கண்டுபிடித்தது நான். மாதேஸ்வரி முன்பு கையெழுத்துப் போட்ட குடல் ரிப்போர்ட் என் மேசையில் இருந்தது. அதில் தவறான ஒரு எழுத்துக்கூட இல்லை. குடலைப் பற்றி அது சொன்னது எல்லாம் உண்மை. அதன் நகலை இணைத்தேன். பிற்பகல் இரண்டரைக்கு ஆஞ்சப்பன் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

உண்மையான ஒரு காகிதத்தைக் கொண்டு பொய் சொல்ல முடியும் என்று நான் அன்று கற்றேன். எனக்குக் கற்றுத்தந்தவர் யாரும் இல்லை. நானே கற்றேன்.

கால் மணி நேரத்தில் மாதேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. என் அறைக்கு வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்துப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். வேலையை விட்டுப் போகிறேன் என்பார், அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். அவரோ, அஞ்சு நிமிஷம் வாங்க சார் என்று மட்டும் கூப்பிட்டார்.

பரிசோதனைக் கூடத்தில் என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார். மைக்ரோஸ்கோப்பின் கீழே ஒரு நீர்த்தெள்ளு. அதன் முதுகுப் பக்கம் ஒரு சிறு பை வெகுவேகமாகத் துடித்துக்கொண்டிருந்தது. என் கண்ணால் எண்ண முடியவில்லை. படத்தை மெதுவாக ஓடவிட்டார், எண்ணினேன். நிமிடத்துக்கு இருநூற்று முப்பது வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்ச் சாறு விட்டுச் சிறிது நேரம் கழித்து மறுபடி எண்ணச் சொன்னார். இருநூற்று இருபத்தாறு. கிட்டத்தட்ட அதேதான். அதை எடுத்துவிட்டு, வேறொரு நீர்த்தெள்ளை வைத்தார். அதற்கு ஸ்பிரிட் சாற்றில் ஒரு சொட்டு.

இந்த முறை படத்தை மெதுவாக ஓட்டத் தேவையே இருக்கவில்லை. வெறும் கண்ணால் எண்ண முடிந்தது. நூற்று இருபது. பிறகு எண்பது. பிறகு ஒரு துடிப்பு வந்து, நின்று, அடுத்தது வருமா வராதா என்று நான் காத்திருக்க வேண்டியதாயிற்று. நான் காத்திருந்தேன். கெம்பம்மா சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. நின்று நின்று அடிக்கிறது என்றாரே, அது என் கண்ணெதிரே நடந்தது. பிறகு அது நின்றுவிட்டது.

மாதேஸ்வரி அவசரப்படாமல் அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுத்தார். ஏரித் தண்ணீரை விட்டார். மறுபடி உறிஞ்சினார், மறுபடி விட்டார். ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்தச் சிறு பை ஒருமுறை அசைந்தது. இன்னொருமுறை. பிறகு மெல்ல மெல்லத் துடிக்க ஆரம்பித்தது. என் வாழ்க்கையில் நான் ஒரு பூச்சிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அன்று மட்டும்தான்.

அப்போதும் நான் விடவில்லை. இது பூச்சி மேடம், மனிதன் இல்லையே என்றேன்.

அதற்கு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "ஆமா சார், பூச்சி மனுசன் இல்ல. இத வெச்சி மனுசனுக்கு இப்படித்தான் ஆவும்னு நான் எழுத மாட்டேன். ஆனா கெம்பம்மா மனுசிதான? ரெண்டும் ஒரே கேள்வியக் கேக்குது. பதில் தெரியாம லாரி போவக் கூடாது."

அவ்வளவுதான் பேச்சு. என் பெயரில் புகார் எழுதவில்லை. உரிமையாளரிடம் ஓடவில்லை. என் கைபேசியை எடுக்கச் சொல்லவும் இல்லை. குழாய்களைக் கழுவப் போய்விட்டார். முடிவை என்னிடமே விட்டுவிட்டார்.

நான் ஆஞ்சப்பனைக் கூப்பிட்டேன். லாரி மாநில எல்லைக்கு முன்னால் ஜூஜுவாடியில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. திருப்பிக்கொண்டு வா என்றேன். அவருக்குப் புரியவில்லை. "சார், இங்க எங்க திருப்பறது? அத்திப்பள்ளி தாண்டிப் போனாத்தான் யூ டர்ன்" என்றார். கர்நாடகாவுக்குள் போய்த் திரும்பி வா, ஆனால் எங்கேயும் ஒரு பெட்டியைக்கூட இறக்காதே என்றேன். ஐந்தே முக்காலுக்கு லாரி இந்த வாசலுக்குள் வந்தது. விபத்துப் பதிவேட்டில் நான் எழுதியிருந்த வரியை அன்று மாலையே அடித்துவிட்டு, உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி முடியவில்லை. பெங்களூர் நிறுவனம் ஒப்பந்தத்தை ரத்துசெய்தது. இரண்டாம் ஷிப்ட் ஐந்து மாதம் நின்றது. இங்கே இருக்கும் உங்களில் பலர் அந்த ஐந்து மாதம் வீட்டில் இருந்தீர்கள். சிலர் பூப்பண்ணைக்குப் போனீர்கள், சிலர் தக்காளி பறிக்கப் போனீர்கள். கெம்பம்மாவும் போனார். திம்மப்பன் அவர்கள் மூன்று வாரம் மாதேஸ்வரியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒருநாள் மாலை வாசலுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் நானும் இருந்தேன். வேலை போன பெண் ஒருவர் மாதேஸ்வரியைப் பார்த்துவிட்டார். "ஏரிப் பூச்சி செத்துப்போவும்னு எங்க சோத்துல கைய வெச்சிட்டயே மேடம்" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான் குறுக்கே போகப் பார்த்தேன். மாதேஸ்வரி என்னைத் தடுத்தார். அந்தப் பெண்ணிடம், ஆமாம், வேலை போனது உண்மைதான், அதைத் திரும்பக் கொண்டுவருவதும் என் வேலைதான் என்று மட்டும் சொன்னார். பேருந்து வரும்வரை அதே இடத்தில், அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே நின்றார். அன்று அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கு வலித்தது. வலிக்காதவர் போல அவர் நடிக்கவும் இல்லை.

சொன்னதைச் செய்தாரா? செய்தார். கெம்பம்மா விழுந்த மறுநாளே நாடி எண்ணத் தொடங்கிய அந்தப் பதினேழு பேரையும் முதலில் விடாமல் தேடிப் போனார். வேலையில்லாமல் இருந்தவர்களை அவரவர் ஊரிலேயே போய்ப் பார்த்தார். நாடி எண்ணினார், இரத்த அழுத்தம் பார்த்தார், துடிப்புக் குறைந்திருந்த நான்கு பேரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் இதயத் துடிப்பைப் படம் எடுக்க வைத்தார். தூளை நிறுத்திய இரண்டு வாரத்தில் நான்கு பேருக்கும் துடிப்பு பழைய நிலைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் ஒரு நாள் முழுதாக விடுப்பு எடுத்து வீட்டில் தூங்கினார் என்று தினேஷ்குமார் சொன்னார்.

பிறகு பழைய தண்ணீர்ச் சாற்றுக்குத் திரும்பினோம். கல்லூரியில் முறைப்படி அனுமதி வாங்கி, அருணா அம்மையாரின் துணையோடு எலியின் இதயத்திலும் குடலிலும் சோதனை செய்தார். எந்த அளவில் குடல் தளர்கிறது, எந்த அளவில் இதயம் மெதுவாகிறது, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்தார். தண்ணீர்ச் சாற்றில் அந்த இடைவெளி அகலம். ஸ்பிரிட் சாற்றில் இடைவெளியே இல்லை. வயிற்றுவலி தீரும் அளவும் நெஞ்சைப் பிடிக்கும் அளவும் ஒன்றுதான். பதினோரு மாத உழைப்பு அது. அந்த முடிவுகளை அவர் கட்டுரையாக எழுதியபோது, முதல் ரிப்போர்ட்டில் இதயச் சோதனையைத் தான் விட்டதையும் ஒரு பத்தியாக எழுதினார். அந்தப் பத்தி வேண்டாமே என்று நான் சொன்னேன். அதைப் படித்தால் இன்னொரு ஆள் அதே தவறைச் செய்யமாட்டாரே என்றார்.

இரண்டாம் ஷிப்ட் ஐந்தாம் மாத முடிவிலேயே வேறு சிறு வேலைகளோடு மெல்லத் தொடங்கியது. சூலைக்கொடி மாத்திரை மறுபடி வெளியே போக ஒரு வருடம் ஆயிற்று. முன்பு இருந்த அளவுக்கு நாம் இன்றும் விற்பதில்லை. ஆனால் பேருந்து நிறுத்தத்தில் கேள்வி கேட்ட அந்தப் பெண் இன்று நம் பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர். அவரை அந்த வேலைக்குச் சொன்னவர் மாதேஸ்வரிதான். பயப்படாமல் கேட்கிற ஆள்தான் அங்கே வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார். திம்மப்பன் அவர்கள் தானாகவே ஒரு விதி கொண்டுவந்தார். இதயச் சோதனை முடியாமல் எந்த பேட்சும் வாசலைத் தாண்டாது. அந்த விதியில் ஆறு ஆண்டுகளாக ஒருநாள்கூடத் தளர்வு இல்லை.

நண்பர்களே, சென்ற ஆண்டு தைமாதம் அவருக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. எவ்வளவு நாள் என்று மருத்துவரிடமே நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சிகிச்சைக்குப் போகிற வாரம் வரமாட்டார், அடுத்த வாரம் வந்துவிடுவார். கை நடுக்கம் வந்த பிறகு நூல் கட்டும் வேலையை ஜெயப்ரியாவுக்கும், கூடத்தில் புதிதாகச் சேர்ந்த அனிதாவுக்கும் விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து திரையில் கோட்டைப் பார்ப்பார்.

கடைசி நாட்களில் நானும் கெம்பம்மாவும் அவர் வீட்டுக்குப் போனோம். நஞ்சம்மா அவர்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மாதேஸ்வரிக்குப் பேசுவதே சிரமமாக இருந்தது. நான் ஏழு ஆண்டாக மனத்தில் வைத்திருந்ததைக் கேட்டேன். அன்றைக்கு என்னைப் பற்றி ஏன் மேலே புகார் எழுதவில்லை என்று. எழுதியிருந்தால் என் வேலை போயிருக்கும், போயிருக்க வேண்டியதும்தான்.

"எழுதித்தான் வெச்சிருந்தேன் சார். பையிலேயே இருந்துச்சி. நீங்க போன் பண்ணலன்னா குடுத்திருப்பேன்" என்றார்.

கெம்பம்மா சிரித்துவிட்டார். நஞ்சம்மாவும் சிரித்தார். மாதேஸ்வரி சிரிக்க முயன்று இருமினார். நான் சிரிக்கவில்லை. அன்று நான் திருந்துவேன் என்று அவர் நம்பியதாகவே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பதினேழு பேரின் நெஞ்சைப் பணயம் வைக்கிறவர் இல்லை. எனக்கு ஒரு வாய்ப்பும் கொடுத்தார், அது தவறினால் செய்ய வேண்டியதையும் எழுதிப் பையில் வைத்திருந்தார். இப்போது யோசித்தால் அவர்மேல் எனக்கு மதிப்பு கூடத்தான் செய்கிறது.

அதே நாளில் அவர் தன் கவலை ஒன்றையும் சொன்னார். வேருக்காகத் தோண்டித் தோண்டிச் சூலைக்கொடி மலையடிவாரத்தில் அருகிவருகிறது. வேர் எடுத்தால் கொடி செத்துவிடும். இலை பறித்தால் மறுபடி தளிர்க்கும். இலையின் தண்ணீர்ச் சாறு வேர் செய்கிற வேலையைச் செய்யுமா? குடலைத் தளர்த்துமா? இதயத்தை விட்டுவைக்குமா? இதுதான் அவர் கடைசியாகத் தொடங்கிய சோதனை. இருபது முறை செய்து பார்க்க வேண்டும் என்று திட்டமிட்டார். பதினான்கு முடிந்திருக்கிறது. இதுவரை எண்கள் நல்லபடியாகத்தான் இருக்கின்றன, ஆனால் இருபதும் முடியும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். மன்னியுங்கள் மேடம், இவர்களிடம் சொல்லிவிட்டேன்.

அவர் இல்லாத பரிசோதனைக் கூடத்துக்கு நேற்றுப் போனேன். ஜெயப்ரியா அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார். எப்படிம்மா செய்யப்போகிறாய் என்று கேட்டேன். நாளைக்குக் கூட்டம் சார், நாளை மறுநாள் காலையில் பதினைந்தாவது சோதனை என்றார்.

ஆகவே மாதேஸ்வரி அவர்களே, அன்னை நஞ்சம்மாவின் முன்னிலையில், இந்தத் தொழிலாளர்களின் முன்னிலையில் உங்களுக்கு வாக்குத் தருகிறோம். மிச்சமிருக்கும் ஆறு சோதனையையும் நீங்கள் வகுத்த முறைப்படியே, குப்பிக்குள் எது இருக்கிறது என்று எண்ணுகிறவருக்குத் தெரியாமல், ஜெயப்ரியாவும் அனிதாவும் செய்து முடிப்பார்கள். நான் ஒரு குப்பியையும் தொடமாட்டேன். முடிவு வந்த மறுநாள் இதே மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு, இதே ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வந்த எண்களை ஒன்றுவிடாமல் படிப்போம். இலை குடலைத் தளர்த்தி இதயத்தை விட்டுவைக்கிறது என்று வந்தால் அதைப் படிப்போம். இலையும் வேண்டாம், வேறு வழி தேடுங்கள் என்று வந்தால் அதையும் இதே குரலில் படிப்போம்.

அப்போது இங்கே உட்கார்ந்திருக்கிற யாருக்காவது சந்தேகம் இருந்தால் எழுந்து கேளுங்கள். பதில் தெரிந்தால் சொல்வோம். தெரியாவிட்டால், தெரியும்வரை லாரி கிளம்பாது.